தகரக் கொட்டகையில் தலைவரக்கா

வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகள். விளிம்பைச் சுற்றி விரல் அகலத்துக்குச் சிவப்புப் பெயிண்ட். புக்கிட் ரம்பாயில் நான் எழுத்தராக வேலை பார்த்த ரப்பர் குழாய்த் தொழிற்சாலைக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் அவை வந்து சேர்ந்தன. நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இனி அந்தத் தட்டுகளில்தான் சாப்பிட வேண்டும். கேண்டீனுக்குள் உட்காரக்கூடாது, ஸ்டோருக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். அந்த உத்தரவை மூன்று மொழிகளில் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியவள் நான்தான். தமிழ் வாசகத்தில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். வேறு எதையும் சரிபார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இடநெருக்கடி, வாடை, கையை உதறுகிறார்கள், சத்தமாகப் பேசுகிறார்கள் என்று மனு எழுதிக் கொடுத்தது நம் உள்ளூர் ஆட்கள்தான். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று எல்லாரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அத்தனை பேர் ஒரே தாளில் ஒற்றுமையாக இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எங்கள் தொழிற்சங்கத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர் ஓர் அம்மாள். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். குள்ளமான உருவம், ஒரு காது உடைந்து நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி. எல்லாரும் அவரைத் தலைவரக்கா என்போம். கொதிகலன் பிரிவுக்கு மின்விசிறிகள் வந்ததும், கர்ப்பிணிகளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்ததும் அவரால்தான். அவர் அலுவலகத்துக்குள் வந்தால் மேலாளரே எழுந்து நின்றுதான் பேசுவார்.

அன்று மதியம் தலைவரக்கா பலகையின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு என் மேசைக்கு வந்து, "இத டைப் பண்ணது நீயாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கேண்டீனுக்குப் போனார். ஏதோ நடக்கப்போகிறது என்று நானும் பின்னால் போனேன். கேண்டீன் நடத்திய மலாய்க்கார அம்மாள், எங்கள் எல்லாருக்கும் மக்சிக், வழக்கமான தட்டை நீட்டினார். தலைவரக்கா அதை வாங்கவில்லை. சிவப்பு விளிம்புத் தட்டைக் கேட்டு வாங்கி, சோறும் குழம்பும் போட்டுக்கொண்டு, நெரிசலான மேசைகளுக்கு நடுவே நிதானமாக நடந்து பின்வாசல் வழியாக வெளியே போனார். கொட்டகையில் குந்தியிருந்த நேபாளி இளைஞர்கள் பதறி எழுந்தார்கள். கையமர்த்தி அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு அவரும் உட்கார்ந்தார்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். முதல் வாரம் வேடிக்கை பார்த்தவர்கள், இரண்டாம் வாரம் கேலி பேசினார்கள். அதன்பின் கோபம் வந்தது. தலைவர் தங்களை அவமானப்படுத்துவதாகச் சங்கத்துக்குள் பேச்சு கிளம்பியது. மழைக்காலம் தொடங்கி, கொட்டகைக்குள் கணுக்கால் வரை தண்ணீர் நின்ற நாட்களில் அவர் அவர்களோடு நின்றுகொண்டே சாப்பிட்டார்.

ஆண்டுக் கூட்டத்தில் அவரை எதிர்த்து வேறொருவரை நிறுத்தினார்கள். பேசச் சொன்னபோது தலைவரக்கா மைக்கை வாங்கவில்லை. தனக்கு ஏழு வயதில் காய்ச்சல் கண்டு அப்பா சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைச் சொன்னார். எதிரே துரையின் கார் வந்தது. கூலிக்காரர்கள் துரையின் எதிரே சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். அப்பா மழையில் இறங்கி, காய்ச்சலில் இருந்த மகளையும் இறக்கி, கார் கடக்கும்வரை குனிந்து நின்றார்.

"அன்னிக்கி எங்கப்பா மொகத்த நான் பாத்தேன்," என்றார் தலைவரக்கா. "இப்ப அதே மொகத்த பின்னால கொட்டகையில பாக்குறேன். அப்ப எறங்கச் சொன்னது தொர. இப்ப சொல்றது நாமதான்லா. இதுக்கு நான் தலைவரா இருக்க முடியாது."

கூடத்தில் கண்ணைத் துடைத்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அவர் தோற்றார். கண்ணைத் துடைத்தவர்களில் சிலரும் அவருக்கு எதிராகக் கை தூக்கியதை நான் பார்த்தேன்.

என்னைத் திகைக்க வைத்தது அதற்கு மறுநாள்தான். பதவி போய்விட்டது; இனி அவர் யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. பன்னிரண்டரை மணிக்குச் சைரன் ஊதியதும் சிவப்பு விளிம்புத் தட்டோடு அதே பின்வாசல் வழியாகப் போனார். முகத்தில் வருத்தமோ வீறாப்போ இல்லை. மலையின் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல நான் அந்தக் குள்ளமான பெண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போய்விட்டேன். அவர் பெட்டியில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

அடுத்த வாரம் பேக்கிங் பிரிவுப் பெண்கள் நான்கு பேர் வந்தார்கள். பிறகு ஒரு சீன மெக்கானிக். கொட்டகையில் இடம் போதாமல் ஆட்கள் வெளியே புல்தரையில் உட்கார ஆரம்பித்தார்கள். ஒருநாள் மக்சிக் சிவப்பு விளிம்புத் தட்டுகளையெல்லாம் தின்னரில் ஊறப்போட்டுப் பெயிண்ட்டைச் சுரண்டி வைத்திருந்தார். கேட்டவர்களிடம், சோறு போடுகிற அவசரத்தில் எது யார் தட்டு என்று பார்த்துக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்று மலாயில் சொல்லிவிட்டார். அந்த மாதக் கடைசியில் மேலாளர் என்னைக் கூப்பிட்டு அறிவிப்பை எடுத்துவிடச் சொன்னார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தலைவரக்காவை மறுபடியும் தலைவராக்கவும் இல்லை. ஓய்வு பெறும்வரை இயந்திரத்தில் நின்று வேலை செய்தார். இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன.

போன மாதம், பாயா ரும்புட்டில் இருக்கும் என் சின்ன வீட்டை வாடகைக்கு விட ஏற்பாடு செய்தேன். ஏஜெண்டாக வந்தவர் நம் தமிழ்ப் பையன்தான். விளம்பரத்தில் இந்தியர்களுக்கு மட்டும் என்று போடலாமா என்று கேட்டான். "நமக்கு எவன் ஆன்ட்டி வீடு குடுக்குறான்? நாமளாச்சும் நம்ம ஆளுக்குக் குடுப்போம்லா," என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவனே பல வாசல்களில் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவன். கடைசியில், அப்படி எதுவும் போட வேண்டாம் என்றேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு மெல்லியதாக வந்தது.

முதலில் போன் செய்தவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. தாங்கள் நான்கு பேர், நேபாளிகள், பரவாயில்லையா என்று உடைந்த மலாயில் கேட்டார். எத்தனை வீடுகளில் கேட்டுப் பழகிய கேள்வியோ தெரியவில்லை. சனிக்கிழமை வந்து பார்க்கச் சொன்னேன்.

வந்தார்கள். செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு, கூடத்தின் ஓரமாக வரிசையாக நின்றார்கள். காலி வீடு, நாற்காலி ஒன்றும் இல்லை. உட்காருங்கள் என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர உட்காரவில்லை. முழங்கால் வலியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு முதலில் நான் தரையில் உட்கார்ந்தேன். பிறகு அவர்களும் உட்கார்ந்தார்கள்.