கண்ணாடி மறந்தவர்கள்

கொழும்புத்துறையில் நண்டு பதனிடும் ஆலை ஒன்றில் வேலைசெய்த தங்கமுத்து, எதையாவது வாசிக்கச் சொன்னால், "கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்" என்று சொல்லியே ஒன்பது வருடம் ஓட்டிவிட்டாள். மேற்பார்வையாளர் வித்தியா ஒருநாள் கண்ணாடியே வாங்கி வந்து நீட்ட, வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லி, ஆலையின் எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

நாலாம் மாதம், கை கழுவும் தொட்டிக்கு மேலிருந்த பழைய அறிவித்தலை எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "கையில் காயமுள்ளோர் அறிவிக்கவும். வேறு வேலை தரப்படும்."

நண்டு ஓடு கீறிய விரல்களை இத்தனை வருடமும் உப்புத் தண்ணீரில் எரிய எரிய வைத்திருந்தவள் அதை இன்னொருதரம் வாசித்தாள்.

பக்கத்தில், கூட வேலைசெய்யும் சின்னாச்சி விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உதிலை என்ன எழுதியிருக்கெண்டு தெரியுமோ?" தங்கமுத்து அறிவித்தலைக் காட்டிக் கேட்டாள்.

"கண்ணாடி கொண்டரேல்லையடி."

தங்கமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உந்தக் கதையை ஒன்பது வருசம் நான் சொன்னனான். எழும்பு, வித்தியாட்டைக் கையைக் காட்டுவம். பின்னேரம் வகுப்புக்கும் வாறாய்."