முட்டி வலிக்கு நான் கொடுத்த கேப்சூல்

திருவெறும்பூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் இருபத்தாறு வருடம் பார்மசிஸ்டாக வேலை பார்த்தேன். மாத்திரை மாற்றிக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் முதல் நாளிலிருந்தே உண்டு. ஆனால் என்னை உண்மையிலேயே நடுங்க வைத்தது, நான் மருந்தென்றே நினைக்காத ஒன்று.

ஒரு நாள் காலை தேவகி கடைக்கு வந்தார். அவருடைய கணவர் செல்வம் பக்கத்துத் தொழிற்சாலையில் வெல்டர். நாற்பது வயது, ஒரு வியாதியும் கிடையாது. காலையில் ஓடப் போவார். ஓடி வந்ததும் முட்டி வலிக்கிறது என்று ஒன்றரை மாதம் முன்பு கேட்டபோது, மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் சேர்த்த மூலிகைக் கேப்சூலை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"அதே கேப்சூல் இன்னொரு டப்பா குடுங்கக்கா."

"வலி எப்படி இருக்கு?"

"அது தேவலாம். ஆனா பத்து நாளா அவருக்குச் சோறே எறங்கல. நேத்துலேர்ந்து கண்ணு மஞ்சளா இருக்கு. மஞ்சள் மாத்திரைல்ல, அதனாலதான்னு சொல்றாரு."

டப்பா எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"யூரின் எப்படிப் போவுது?"

"டிகாக்‌ஷன் மாதிரி."

"தினம் எத்தனை போடுறாரு?"

"நீங்க ஒண்ணு சொன்னீங்க. சீக்கிரம் சரியாகட்டும்னு காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு போடுறாரு."

கவுண்டரை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தக் கேப்சூலில் ஒரு டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தேவகியோடு ஆட்டோ பிடித்தேன். வழியில் செல்வத்தையும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டர் கண்ணைப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"குடிப்பீங்களா? வேற மருந்து ஏதாவது எடுக்குறீங்களா?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் செல்வம். அவர் பொய் சொல்லவில்லை. அவரும் என்னைப் போலவே அதை மருந்தாக நினைக்கவில்லை.

நான் வாயைத் திறக்காவிட்டால் டாக்டருக்குத் தெரியப்போவதில்லை. சொன்னால் வேலை போகும், லைசென்ஸ் போகும், சொல்லாமல் விட்டு இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்றெல்லாம் மனதில் ஓடியது. கடைசியில் டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"நான் குடுத்தது சார். தினம் நாலு போட்டிருக்காரு."

டாக்டர் லேபிளைப் படித்தார். "இதுதான்னு இப்பவே சொல்ல முடியாது. ஆனா சில பேருக்கு இது ஈரலைப் பாதிக்கும். இன்னியோட நிறுத்துங்க. அட்மிட் ஆகணும்."

ஒன்பது நாள் படுக்கையில் இருந்தார். மஞ்சள் காமாலைக் கிருமிக்கான டெஸ்ட் எதிலும் ஒன்றும் வரவில்லை. கேப்சூலை நிறுத்திய பிறகும், ரத்தத்தில் காமாலையின் அளவைக் காட்டும் பிலிரூபின் முதல் இரண்டு நாள் ஏறியது. அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை. பிறகு மெல்ல இறங்கியது. கண் வெளுக்க இரண்டு மாதம் ஆனது.

வீட்டுக்குப் புறப்படும் அன்று தேவகி முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவராகவே சொன்னார்: "நீங்க அன்னிக்குச் சொல்லாம இருந்திருந்தா, நானே அந்த மாத்திரைய ஆஸ்பத்திரிக்கும் கொண்டாந்து அவருக்குத் தினம் முழுங்கக் குடுத்திருப்பேன்க்கா."

புதிதாகக் கவுண்டரில் நிற்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மூலிகையோ வேறு எதுவோ, ஆரோக்கியமானவர்தானே என்று எடுத்து நீட்டாதீர்கள். எத்தனை போட வேண்டும், என்ன தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். தப்பு நடந்துவிட்டால், டாக்டர் கேட்பதற்கு முன்பே நீங்கள் பேசுங்கள்.