பதினான்காம் பக்கத்து மாலுமிகள்

புதன்கிழமை, காலை 10.20. திண்டிவனத்தில் எங்கள் அச்சகத்தில் ஒரே பெரிய தாளில் பதினாறு பக்கம் சேர்ந்த ஃபாரம் ஒன்று ஓடி முடிந்து, ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அப்போதுதான் வல்லத்திலிருந்து அஞ்சலை வந்தார்.

கடற்படை வரலாற்றுக்கென்று தமிழில் வரும் காலாண்டிதழ் அது. ஆசிரியர் தேவராஜ் முகையூர்க்காரர், கடற்படையில் ஓய்வு பெற்றவர். லே-அவுட் என் பொறுப்பு. அந்த இதழில் அஞ்சலையின் தந்தை கோவிந்தனைப் பற்றி ஒரு கட்டுரை. கப்பலின் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். வீட்டில் மிஞ்சிய ஒரே படத்தில், கப்பல் தளத்தில் ஆறு பேர் கம்பியோரம் நிற்கிறார்கள். இடமிருந்து இரண்டாவது கோவிந்தன். வலமிருந்து இரண்டாவது ஆளின் பெயர் மட்டும் தெரியவில்லை. கீழே அப்படியே அச்சிட்டிருந்தோம்.

ஒரிஜினலை வாங்கிப்போக வந்த அஞ்சலை, ஷீட்டைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு விரலை வைத்து எண்ணினார். சிரிப்பு போய்விட்டது.

"இன்னா சார் இது? எங்கப்பா பேர போட்டுட்டு வேற யாரையோ நிக்க வச்சிக்கினு இருக்கீங்க?"

முதலாளி எட்டிப் பார்த்தார். "அதே போட்டோதாம்மா. எல்லாம் ஒரே தொப்பி, ஒரே சட்டை. நல்லா பாருங்க."

"எங்கப்பன எனக்குத் தெரியாதா? அவரு அந்தாண்ட பக்கம், அஞ்சாவதா போய்ட்டாரு."

நாட்குறிப்பைப் புரட்டினேன். திங்கள், மாலை 4.10: "ஒரு விளம்பரம் கூடியது. படம் பக்கம் 13-லிருந்து 14-க்கு. ஃபிளிப்." என் கையெழுத்துதான்.

படத்தில் இருப்பவர்கள் புத்தகத்தின் நடுவைப் பார்க்க வேண்டும் என்பது லே-அவுட்டில் பழைய விதி. ஆறு பேரும் இடப்பக்கம் பார்ப்பவர்கள். வலப்பக்கத்தில் இருந்தவரை சரி. இடப்பக்கத்துக்கு மாறியதும் புத்தகத்துக்கு வெளியே பார்த்தார்கள். ஒரு கிளிக்கில் படத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல் இடவலமாகத் திருப்பினேன். புரூஃபில் ஆசிரியர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்ததால், மறுபடி காட்டவில்லை.

விழுப்புரத்திலிருந்த ஆசிரியருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

"ஏம்ப்பா, மார்புல மெடல் ரிப்பன் எந்தப் பக்கம் இருக்கு?"

"வலது பக்கம் சார்."

"எந்த நேவிலப்பா வலது பக்கம் குத்துறான்? ஞாயித்துக்கெழம ரிலீசுக்கு வர்றவன் பூரா நேவிக்காரன். பொஸ்தகத்தைப் பிரிச்ச ஜோருக்கு உன்னத் தூக்கிக் கடல்ல போடுவான்."

முதலாளி குறுக்கிட்டார். "திருத்தம்னு ஒரு சீட்டு அடிச்சி உள்ள வச்சிடலாம் சார். ஜல்தியா முடிஞ்சிடும்."

ஆசிரியர் பதில் சொல்லுமுன் அஞ்சலை பேசினார்.

"சீட்டு பறந்துடுங்க. புக்குதான் நிக்கும். எங்கப்பா கப்பலுக்கே போகல, பம்பாயில மூட்ட தூக்குனாருன்னு ஊர்ல இன்னிக்கும் சொல்லிக்கினு கீறாங்க. இத காட்டி வாய அடைக்கலாம்னுதான் களையெடுப்பக்கூட விட்டுட்டு ஓடியாந்தேன். இதுலயும் அவரு இடத்துல வேற ஆளு நின்னா நான் இன்னா சொல்லுவேன்?"

"தப்பு என்னுதும்மா" என்றேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு மெஷின்காரரிடம் திரும்பி, "அந்த பிளேட்ட கழட்டுப்பா. புதுசா ஓட்டிக்கலாம்" என்றார்.

படத்தை நேராக்கி வைத்தேன். ஆறு பேரும் புத்தகத்துக்கு வெளியே, கடலைப் பார்த்தார்கள். வியாழன் மாலை ஃபாரம் மீண்டும் ஓடியது. சனிக்கிழமை பைண்டிங் முடிந்தது. ஞாயிறன்று முதல் பிரதியை வாங்கிய அஞ்சலை, மேடையிலேயே பதினான்காம் பக்கத்தைப் பிரித்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

மூன்று வாரம் கழித்து மேல்சித்தாமூரிலிருந்து ஒருவர் அச்சகத்துக்குப் போன் செய்தார்.

"சார், வலப்பக்கத்துலருந்து ரெண்டாவதா நிக்கிறவரு பேரு தெரியலன்னு போட்டுருக்கீங்களே, அவரு எங்க பெரியப்பா சார். பேரு பார்சுவநாதன். எங்ககிட்ட அவரு நேவி போட்டோ ஒண்ணுகூட இல்ல. கூட நின்ன கோவிந்தனோட பொண்ணு போன் நம்பர் கெடைக்குமா?"

நாட்குறிப்பில் அந்தப் பெயரை எழுதும்போதுதான் உறைத்தது. திங்கள் மாலையிலிருந்து புதன் காலைவரை நான் கோவிந்தன் என்று பெயரிட்டு வைத்திருந்தது இவரைத்தான்.

இப்போதெல்லாம் பிளேட் போடுமுன் ஒரிஜினலைக் கையில் எடுத்து, புரூஃபில் இடது ஓரத்தில் நிற்பது யார் என்று மெஷின்காரரிடம் உரக்கக் கேட்கிறேன். பதில் வந்த பிறகுதான் மெஷின் ஓடும்.