மலை தெரியும் துண்டு

ரயிலுக்கு நேரமிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் கூர் நகர விடுதியொன்றின் சமையலறையில் நண்பர் ரவியுடன் நிற்கிறேன். இனக்கலவரத்துக்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நேற்றுவரை இங்கே பாத்திரம் கழுவியவர். இன்றுதான் விருந்தினருக்கு மரப்பலகையில் இறைச்சி அடுக்கக் கொடுத்திருக்கிறார்கள். பாலாடைக்கட்டிக்கும் கறுப்புத் திராட்சைக்கும் நடுவில் வைக்க, உலர்ந்த மாட்டிறைச்சியைச் சீவுகிறார். ஒவ்வொரு துண்டையும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார்.

"என்ன பார்க்கிறீங்க?"

"மலை தெரியுதோ எண்டு பாக்கிறன் அண்ணை. தெரியாட்டி தடிப்பு. வாயில வச்சுப் பாக்க ஏலாது, நான் மாடு சாப்பிடுறேல்லை."

முதலாளியம்மா வந்து ஒரு துண்டை மெல்கிறார். கண்ணை மூடிக்கொள்கிறார். பிறகு பலகையை ரவியிடமே கொடுத்து, விருந்தினர் மேசையைக் காட்டுகிறார்.

மிஞ்சிய துண்டொன்றை நானும் ஜன்னலில் பிடிக்கிறேன். அதனூடே முதல் பனி விழுந்த மலை முழுதும் சிவந்து நிற்கிறது. வாயில் போட மனம் வரவில்லை.