இடப்பக்கம் வளைந்த இதயம்

இடமா வலமா என்று கேட்டால் என் தங்கையின் வலது கை நெஞ்சுக்குப் போகும். துடிப்பு எங்கே தட்டுப்படுகிறதோ அந்தப் பக்கம் இடம் என்று முடிவு செய்துகொண்டுதான் வாயைத் திறப்பாள். அதற்குள் டாக்சி திருப்பத்தைத் தாண்டியிருக்கும். ஓட்டுநர் அலுத்துக்கொண்டால், "துடிப்பு சீக்கிரம் கிடைக்கலண்ணே" என்பாள். இந்த மகராசிதான் பல்கலைக்கழகத்தில், ஒரு கரு தன் இடத்தையும் வலத்தையும் எப்படித் தெரிந்துகொள்கிறது என்று ஆராய்கிறாள்.

கருவளர்ச்சி உயிரியல் என்று படிப்புக்குப் பெயர். வீட்டில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் முட்டைக்காரி. சமையலறையில் அவளிடம் முட்டை உடைக்கக் கொடுப்பதில்லை. கொடுத்தால் குட்டிக் கத்தரிக்கோலை எடுத்து ஓட்டில் ஜன்னல் வெட்ட உட்கார்ந்துவிடுவாள், அடுப்பில் எண்ணெய் கருகிப்போகும். எங்கே நின்றாலும் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நிற்பாள். திமிர் என்று நினைப்பவர்கள் உண்டு. சில்லிட்ட விரலால் முட்டையைத் தொட்டால் உள்ளே இருப்பதற்கு ஆகாதாம்.

ஆய்வுக்கூடத்தில் அவள் செய்வதும் அந்த ஜன்னல் வேலைதான். அடைகாக்கும் பெட்டியிலிருந்து முட்டையை எடுத்து, ஓட்டில் ஜன்னல் வெட்டி, கருவின் மேல் ஒரு சொட்டு மருந்து விட்டு, நாடாவால் ஒட்டித் திரும்ப வைப்பாள். அப்போது, "ராசா, கொஞ்சம் அசையாம இரு" என்று கெஞ்சுவாளாம். இதயம் முதலில் நட்டநடுவில் ஒரு நேர்குழாயாகத்தான் இருக்கும், பிறகு வலப்பக்கம் வளையும் என்று என் மரமண்டைக்கும் ஏறுகிற மாதிரி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நமக்கு இடப்பக்கம்தானே இருக்கிறது என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அது பின்னாடி நடக்கற கதை, அக்கா. முதல் வளைவு வலம்தான். கோழிக்கும் அப்படித்தான், உனக்கும் அப்படித்தான்."

அந்த மருந்து இதயத்தை இடப்பக்கம் வளையச் செய்யுமா என்பதுதான் அவளுடைய கேள்வி. முட்டை முட்டையாகத் திறந்து பார்த்து ஓய்ந்துபோன நேரத்தில் ஒரே ஒரு கரு இடப்பக்கம் வளைந்த இதயத்தோடு கிடைத்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பேராசிரியர் தன் கையாலேயே படம் எடுத்து, பெரிதாக்கிச் சுவரில் மாட்டிவிட்டார். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கும் அனுப்பிவைத்தார். அங்குள்ள அறிஞர் நேரில் வந்து கருவைப் பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் இவளைத் தன்னிடமே ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வதாகவும் பதில் வந்தது. இவள் கனவில்கூடக் கேட்கத் துணியாத இடம் அது.

அவர் வருவதற்கு முந்தின நாள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். கொடியில் என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியது. மெல்லிய துணி. சாய்ந்த வெயிலில் மார்புப் பையின் நிழல் முதுகுவழியாகத் தெரிந்தது. இவள் அதையே பார்த்தாள். குனிந்து கொடியின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். திரும்பவும் இந்தப் பக்கம் வந்தாள்.

"சட்டைல என்னடி பேயா இருக்கு?" என்றேன்.

"இங்கேர்ந்து பாத்தா பை இடக்கைப் பக்கம் இருக்கு. அங்கேர்ந்து பாத்தா வலக்கைப் பக்கம்." அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, நான் அந்தக் கருவைக் குப்புறப் போட்டேனா, மல்லாக்கப் போட்டேனான்னு பாக்கவே இல்ல."

முட்டைக்குள் கரு குப்புறத்தான் கிடக்கும். வெளியே எடுத்து அலசும்போது புரண்டிருக்கலாம். கண்ணாடி போன்ற உடம்பு, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இதயம் தெரியும். மல்லாந்து கிடந்திருந்தால், வலப்பக்கம் வளைந்த சாதாரண இதயம்தான் இடப்பக்கம் வளைந்ததுபோல் தெரிந்திருக்கிறது. படத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கரு ஆய்வுக்கூடத்தில் ஒரு குப்பியில், கெடாமல் காக்கும் மருந்தில் கிடந்தது.

அறிஞர் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு புரட்டிப் பார் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். என் தங்கைக்கு அந்த இடம் கிடைக்கவேண்டும், எனக்கு வேறு நியாயம் தெரியாது. அவள் சட்டையை மடித்தாள். பை எந்தப் பக்கம் வரவேண்டும் என்று தெரியாதவள்போல் பிரித்துப் பிரித்து மடித்தாள்.

மறுநாள் காலையில் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அடைகாக்கும் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. மருந்து நெடி மூக்கில் ஏறியது. குப்பியிலிருந்த கருவை ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, சுவரில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து அதே வாகில் கிடத்தினாள். நுண்ணோக்கியின் திருகை மேலிருந்து மெல்ல இறக்கினால், மேலே இருப்பது முதலில் தெளியுமாம். முதுகு முதலில் வந்தால் அவள் கண்டது நிஜம். இதயம் முதலில் வந்தால் கரு மல்லாந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

திருகை இறக்கினாள். அவளுடைய இன்னொரு கை நெஞ்சுக்குப் போய் அங்கேயே நின்றது. திரும்பவும் மேலே ஏற்றி, திரும்பவும் இறக்கினாள்.

"இதயம்தான்க்கா முதல்ல வருது."

அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்குள் தாழ்வாரத்தில் காலடி கேட்டது. பேராசிரியர் வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார். பின்னால் அந்த அறிஞர், நரைத்த, அமைதியான மனிதர். நான் சுவரோரம் ஒதுங்கினேன். பேராசிரியர் கிண்ணத்தைப் பார்த்ததும், எல்லாம் தயாராக இருக்கிறது என்று பூரித்துப்போனார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "பாருங்க சார், இடப்பக்கம் வளைஞ்சிருக்கறது பளிச்சுனு தெரியும்" என்றார். தெரியத்தான் செய்யும், படத்தில் இருந்த வாகிலேயே அல்லவா கிடந்தது. அறிஞர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். இவள் பேசாமல் இருந்துவிடக்கூடாதா என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம் சார்."

அறிஞர் நிமிர்ந்தார். இவள் கைகளை அக்குளில் செருகிச் சூடேற்றிக்கொண்டாள். குப்பியில் கிடந்த கருவுக்குச் சூடென்ன, குளிரென்ன. பிறகு மெல்லிய தூரிகையை அதன் அடியில் விட்டு, தூங்கும் பிள்ளையைத் திருப்புகிற பதனத்தோடு குப்புறப் புரட்டிப்போட்டாள். தலையை நேராக்கினாள். திருகைச் சரிசெய்தாள். இனி பார்ப்பவர் கண்ணுக்கு இதயம் வலப்பக்கம்தான் வளைந்திருக்கும். ஸ்டூலை மறுபடி அவர் பக்கம் நகர்த்திவைத்தாள்.