நல்லா கேக்குதுங்க

மேடையில் ஒலிவாங்கி செத்துப்போனால், இன்னொன்று வரும்வரை கைகட்டி நிற்கும் பேச்சாளர்களை நான் மதிப்பதில்லை. கல்லூரிப் போட்டி ஒன்றில் மின்சாரம் போனபோது வெறுங்குரலால் கடைசி வரிசைவரை வாதத்தைக் கொண்டுசேர்த்துக் கோப்பையும் வாங்கியவள் நான். அந்தக் குரலை ஒரு கார்டுலெஸ் போன் விழுங்கியது. விழுங்கியதை அறிந்த இருவர் எனக்குச் சொல்லவில்லை. போனை நான் மன்னித்துவிட்டேன்.

சிங்காநல்லூரில் எங்கள் வீடு, பழைய ஆலை ஒன்றின் மதிலுக்கும் அப்பாவுடைய பம்ப் பட்டறையின் தகரக் கூரைக்கும் நடுவே அகப்பட்டது. கைப்பேசிக்கு வாசல் கேட்டருகே மட்டும்தான் சிக்னல். அங்கேயோ லாரி இரைச்சல். அதனால் இணைய இணைப்புப் பெட்டியோடு ஒரு கார்டுலெஸ் போனைச் சேர்த்து, அழைப்பெல்லாம் இணையம் வழியே போகும்படி அப்பா செய்திருந்தார். அதற்குக் கைக்கருவிகள் இரண்டு. ஒன்று சமையலறையில், மற்றொன்று பட்டறை மேசையில். மாலையில் கடைசல் இயந்திரம் நின்றதும் மேசைக் கருவி என்னுடையது.

மேட்டுப்பாளையத்தில் ஒரு கோயில் விழாப் பட்டிமன்றத்துக்கு எங்கள் அணி ஒத்துக்கொண்டிருந்தது. இல்லறம் சிறப்பது மனம்விட்டுப் பேசுவதாலா, பேசாமல் விட்டுக்கொடுப்பதாலா என்பது தலைப்பு. மனம்விட்டுப் பேசுவதே என்பது எங்கள் கட்சி. அணித்தலைவர் அன்னூரில் உரக்கடை வைத்திருப்பவர், மேடைகளில் பழுத்தவர். மூன்றாமவள் கல்லூரியில் என்னோடு ஒரே மேடையில் வளர்ந்த தோழி. இப்போது மேட்டுப்பாளையத்தில் வேலை. அணியின் நிறைவுரை யாருக்கு என்பதைப் போன் வழிப் பயிற்சியில் கேட்டு முடிவு செய்வதாகத் தலைவர் சொன்னார். எதிரணி எழுப்பியதை எல்லாம் இடித்துத் தரைமட்டமாக்கும் உரை அது. அதற்காகவே நான் பிறந்ததாக எனக்கு எண்ணம்.

மாலைதோறும் மூவரும் ஒரே அழைப்பில் சேர்வோம். முதலில் நான், "கேக்குதுங்களா?" என்பேன்.

"கேக்குதுங் அம்மணி, நீங்க பேசுங்" என்பார் தலைவர்.

"நல்லா கேக்குது புள்ள" என்பாள் அவள்.

நான் முழங்குவேன். மறுமுனைகளில் இருமல்கூட எழாது. அந்த அமைதியை, சொக்கிப்போன அவையின் அமைதி என்று எடுத்துக்கொண்டேன்.

விழா நெருங்கிய ஒரு மாலை, தலைவர் தனியாக அழைத்தார்.

"அம்மணி, தப்பா நெனைக்காதீங்க. நிறைவுரையை உங்க சிநேகிதிக்குக் குடுத்துட்டனுங். மொதல்ல உங்களுக்குத்தான் நெனச்சிருந்தனுங். தொண்ட இப்படி ஆகிப்போச்சுங்களே."

"என் தொண்டைக்கு என்னங்கய்யா?"

"என்னங் அம்மணி?" என்றார். இரண்டாம் முறை கத்தினேன். அதற்குப் பிறகுதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இத்தன நாளா கொசு பறக்கற மாதிரித்தானுங் கேக்குது. அந்தப் புள்ளைகிட்ட விசாரிச்சனுங். 'ஆமாங், தொண்ட கட்டிக் கெடக்குது, அவகிட்டக் கேட்டா மனசு சங்கடப்படுவா'ன்னு சொல்லுச்சுங்."

எனக்குத் தொண்டை கட்டவில்லை. கட்டியதாக அவளிடம் நான் சொல்லவும் இல்லை.

விசாரணையைத் தொடங்கினேன். கருவியின் பக்கவாட்டுப் பொத்தானை உச்சத்தில் வைத்திருந்தேன். அது எனக்குக் கேட்பதை மட்டுமே கூட்டும் என்பது அன்றுதான் புரிந்தது. அவர்களின் பொய்யை உரக்கக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். இணையப் பெட்டியை அணைத்து ஏற்றினேன், மாற்றமில்லை. இணைப்பு நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். எடுத்த பெண், "மேடம், உங்க வாய்ஸ் ரொம்பக் கம்மியா இருக்கு" என்றாள். முன்பின் தெரியாத ஒருத்தி முதல் மூச்சில் சொன்ன உண்மை! அவள் சொன்னபடி கணினியில் அமைப்புப் பக்கத்தைத் திறந்து மைக் அளவை உச்சிக்கு ஏற்றினேன்.

என் கைப்பேசியோடு அப்பாவை வாசல் கேட்டுக்கு அனுப்பி, மேசைக் கருவியிலிருந்து அழைத்துப் பேசினேன்.

"புஸ்ஸுன்னு இரைச்சல்தான் வருது கண்ணு! உன்னையக் காணோம்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

சமையலறைக் கருவியை எடுத்து, "அப்பா" என்று ஒரே சொல்தான் சொன்னேன். "அய்யோ, காதே போச்சு!" என்றார்.

இணையம் குற்றவாளி என்றால் இரண்டு கருவியும் தடுமாற வேண்டும். எனவே இணையம் விடுதலை. மேசைக் கருவியை விளக்கடியில் திருப்பினேன். அடிப்பக்கத்தில், ஊசித்துளை போன்ற மைக்கின் வாய் இருக்க வேண்டிய இடத்தில், காய்ந்த சந்தனம். மேலே குங்குமச் சிவப்பு.

ஆயுத பூஜை! பயிற்சிகள் தொடங்குவதற்கு முந்தைய வாரம், பட்டறையில் கடைசல் இயந்திரம் முதல் கணினிவரை அத்தனைக்கும் பொட்டு வைத்த அப்பா, போனையும் விடவில்லை. பூஜைப் பொட்டை எங்கள் வீட்டில் யாரும் துடைப்பதில்லை. தானாக உதிர வேண்டும். நானும் அதைத் தினமும் பார்த்தேன், வணங்கிய பொருள் என்று விட்டுவைத்தேன்.

"வாயிருக்கற எடமாப் பாத்துத்தான கண்ணு வெச்சேன்" என்றார் அப்பா, குழம்பிப்போய். பிறகு கருவியைக் கவிழ்த்துப் பிடித்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சந்தனத்தைத் தூளாக உதிர்த்தார். உதிர்ந்ததைக் கீழே விடாமல் உள்ளங்கையில் ஏந்தி நெற்றியில் வைத்துக்கொண்டார்.

தலைவரை அழைத்தேன். உச்சியில் ஏற்றிய மைக் அளவை இறக்க மறந்திருந்தேன்.

"அம்மணி, கோவிச்சுக்காதீங்! மெதுவாப் பேசுங், கேக்குது!"

"அன்னைக்கே கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

"அத்தன ஆசையாப் பேசற புள்ளைகிட்ட, கேக்குலீன்னு எப்படீங் மூஞ்சியில அடிச்சாப்பல சொல்றது?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நோட்டீஸும் அடிச்சுப்போட்டாங். இனி மாத்துனா அந்தப் புள்ள மனசு நோகுமுங்."

அவருடையது மரியாதை. அதன் விலையை நான் கொடுத்தேன் என்றாலும், அதை மரியாதை என்றே ஏற்கிறேன். ஆனால் இல்லாத தொண்டைக்கட்டை உண்டாக்கியவளின் செயலுக்கு அந்தப் பெயரைத் தர முடியவில்லை. பதறிச் சொன்னாளா, பதவிக்காகச் சொன்னாளா? அதைத் தெரிந்துகொள்ளவே, மைக் அளவைச் சரியாக இறக்கிவிட்டு, அதே கருவியில் அவளை அழைத்தேன். கேட்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

எண்ணைப் பார்த்துத்தான் எடுத்திருக்க வேண்டும். "சொல்லு புள்ள" என்றாள்.

கோபம் தொண்டையை அடைத்தது. முதன்முறையாக அவள் சொன்னது மெய்யாயிற்று. ஒரு சொல்லும் எழவில்லை. அந்தப் பக்கம் ஒரு பேருந்தின் ஹாரன் கேட்டது, யாரோ கீரை விலை கேட்டார்கள்.

சற்றுப் பொறுத்து, எப்போதும் போன்ற அதே கனிவோடு அவள் சொன்னாள்:

"நல்லா கேக்குது புள்ள. அருமையாப் பேசறே. மேல சொல்லு."