அடைக்கு உட்காரும் கோழி

பக்கத்து வீட்டு மல்லிகா சென்னைக்குக் குடிபோகிறாள். "அக்கா, வயசான கோழி. வச்சிக்கிறியா?" என்று கூடையை நீட்டினாள். என்னிடமிருக்கும் இளசான வெள்ளைக் கோழிகள் இதைக் கொத்தியே தீர்த்துவிடுமோ என்று தயங்கினேன். கை வைத்ததும் அது அடைக்கோழிபோல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு 'கொர்ர்' என்றது.

எழுபதுகளில், எங்கள் ஊர் காவாந்தண்டலத்தில், அம்மாவும் இப்படி ஒரு கிழட்டுக் கோழியை வாங்கி வந்தாள்.

"முட்டையும் வுடாது, கறியும் வேவாது. இன்னாத்துக்கு இது?" என்று நைனா கத்தினார்.

"நீ வாங்கியாந்த வெள்ளக்கோழிங்க முட்ட வுட்டுட்டு ஓடிப்பூடுது. அடைக்கு யாரு குந்துறது? நீயா?"

வைக்கோல் பரப்பிய கூடையில் முட்டைகளை அடுக்கி, இடிக்குக் கெட்டுப்போகாமலிருக்க ஒரு கரித்துண்டும் போட்டு, கோழிக் கிழவியை உட்கார வைத்தாள். மறுநாள் சாயங்காலம் வானம் இடித்துத் தள்ளியது. கழனியிலிருந்து நனைந்து வந்த நைனா, தலையைக்கூடத் துவட்டாமல் அடுப்படிக்குப் போய் இன்னும் ஒரு கை கரியை அள்ளிவந்து கூடைக்குள் போட்டார். அம்மா பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள். மூன்று வாரத்தில் பொரிந்த குஞ்சுகள் அத்தனையும் மஞ்சள் மஞ்சளாய்க் கிழவியின் பின்னால் ஓடின.

கூடையை வாங்கிக்கொண்டேன்.

"மல்லிகா, எங்க வூட்ல கேஸ் அடுப்புதான். ஒங்க வூட்ல கரி கீதா?"